ஆற்றுக்கு இரண்டு கரை, கரடிக்கு இரண்டு சட்டம்

ஸ்னேக் ஆறு அமெரிக்காவின் ஐடஹோ, ஒரிகான் மாநிலங்களைப் பிரித்துக்கொண்டு வடக்கே ஓடுகிற இடத்தில்தான் ஹெல்ஸ் கேன்யன் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிக ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஐடஹோ பக்கம் நிற்கும் செவன் டெவில்ஸ் மலைத்தொடரில் ஹீ டெவில் என்று ஒரு சிகரம். அதன் உச்சியிலிருந்து ஆற்றுமட்டம் வரை 7,993 அடி. சுற்றுலாக் கூட்டம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கிராண்ட் கேன்யன் இதைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் அடி ஆழம் குறைவு. ஆனாலும் ஹெல்ஸ் கேன்யனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம் எளிது. காரில் போய் இறங்கி எட்டிப் பார்க்க வசதியான இடங்கள் இங்கே மிகக் குறைவு. ஜெட் போட்டில் போகலாம், குதிரையில் போகலாம், இல்லாவிட்டால் காலால் இறங்கி காலால் ஏற வேண்டும்.

பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியில் இரண்டு கரைக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம். ஐடஹோ கரையில் ஆறு மணி என்றால் எதிர்க்கரை ஒரிகானில் ஐந்து. கத்தினால் கேட்கிற தூரம்தான். கரடி வேட்டைச் சட்டமும் அதே மாதிரி கரைக்குக் கரை மாறுகிறது. ஐடஹோவில் வேட்டைநாய்களை விட்டுக் கரடியைத் துரத்தலாம், தீனி வைத்து வரவழைத்தும் சுடலாம் (எங்கே, எப்போது என்பது பகுதிக்குப் பகுதி மாறும்). ஒரிகானில் 1994-இலிருந்து இரண்டுமே குற்றம். ஆற்றில் நீந்திக் கரையேறுகிற கரடிக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு இங்கேயும் அங்கேயும் போய்வருகிறது.

நான் ஐடஹோவின் தலைநகரான பாய்சியில் குடியிருக்கிறேன். வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியும் கிடையாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர். மின்கம்பி வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர், முழங்கால் தேய்ந்தவர். வசந்தகாலத்தில் அவர் கரடிக்குப் போகும்போது சுமை தூக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் நான். அவரோடு சில வசந்தங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறி இறங்கியதில் எனக்கு ஓர் எண்ணம் உறுதியாகிவிட்டது. கரடி வேட்டையில் எது நியாயம், எது அநியாயம் என்று இந்த ஊர்க்காரர்கள் வாக்குச்சீட்டில் மோதிக்கொள்கிற விஷயங்கள் எல்லாம் மேல்பூச்சு. உண்மையான நியாயம் ஒரு சரிவைப் பார்த்து "இங்கே வேண்டாம்" என்று சொல்வதில் இருக்கிறது. அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஊரில் இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "கரடியைச் சுடலாமா? ஜெயிலில் போட மாட்டார்களா?" நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. இங்கே கருங்கரடிகள் ஏராளம். மாநில அரசே காலம் குறித்து, டேக் என்கிற உரிமச்சீட்டை விற்று, கணக்கு வைத்து நடத்துகிறது. அந்தப் பணத்தில்தான் வனவிலங்குத் துறையின் பெரும்பகுதி ஓடுகிறது. சரியா தவறா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் இடத்தைச் சொல்கிறேன்.

பள்ளத்தாக்கின் மேல்பாதி பசால்ட் பாறை. சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்தது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு செங்குத்துச் சுவர். சுவருக்கும் சுவருக்கும் நடுவே புல் முளைத்த சரிவு. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் புல்தான் கண்ணுக்குத் தெரியும், "ஏறிவிடலாம்" என்று தோன்றும். ஏறினால் நூறடிக்கு ஒருமுறை சுவர் வந்து நிற்கும். சுவரில் எங்காவது ஓர் உடைப்பு இருக்கும். அதைத் தேடிப் பக்கவாட்டில் அரை மைல் நடக்க வேண்டும். மேலிருந்து இறங்கும்போது கதை இன்னும் மோசம். காலுக்குக் கீழே இருக்கிற சுவரே கண்ணில் படாது. விளிம்புக்கு வந்த பிறகுதான் நிலம் முடிந்துபோனது தெரியும்.

மே மாதத்தில் அங்கே ஒரே நாளில் மூன்று பருவம். ஆற்றங்கரையில் சட்டை நனைகிற வெயில், பாம்பு வெளியே வந்து படுத்திருக்கும். நடுச்சரிவுகளில் பால்சம்ரூட் என்கிற மஞ்சள் பூ மண்டிக் கிடக்கும். உச்சியில் முழங்கால் ஆழத்துக்குப் பனி. குகையில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்த கரடிகள் பசியோடு எழுந்து வருவது இந்த நடுச்சரிவுகளுக்குத்தான். தெற்கு பார்த்த சரிவில் பனி முதலில் உருகும், புல் முதலில் முளைக்கும். கரடி என்றால் தேன், மீன், நரமாமிசம் என்று நினைத்திருந்த எனக்கு அதை முதலில் தொலைநோக்கியில் பார்த்தபோது ஏமாற்றமாகவே இருந்தது. மாடு மாதிரி தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் மேய்ந்தது. உட்கார்ந்தது, வயிற்றைச் சொறிந்தது, மறுபடி மேய்ந்தது. மே கடைசியில் எல்க் மான்கள் குட்டி போடத் தொடங்கும்போது அதே கரடி மூக்கை வைத்துப் புதர் புதராகத் தேடும், கிடைத்த குட்டியைத் தின்னும். அதுவரை புல்தான்.

நாய் இல்லாமல், தீனி வைக்காமல் வேட்டையாடுகிறவர்களின் முறை இதுதான்: எதிர்ச்சரிவில் உட்கார்ந்து பார்ப்பது. நடப்பது குறைவு, பார்ப்பது அதிகம். டிரைபாட் மீது பைனாகுலரைப் பொருத்தி, சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கருப்பாகத் தெரிகிறதெல்லாம் கரடி என்று முதல் நாள் நான் கத்திக்கொண்டே இருந்தேன். எரிந்த மரக்கட்டை, பாறை நிழல், பசால்ட் பொந்து எல்லாம் கரடியாகத் தெரிந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நகர்ந்தால் சொல்" என்றார், அவ்வளவுதான். இன்னொன்று: கருங்கரடி என்று பெயரே தவிர இங்கே பாதிக் கரடி கருப்பு இல்லை. பழுப்பு, லவங்கப்பட்டை நிறம், வைக்கோல் நிறம்கூட உண்டு. காய்ந்த புல்லில் வைக்கோல் நிறக் கரடி நின்றால் தேடுகிறவனின் பாடு திண்டாட்டம்.

கண்டுபிடித்த பிறகுதான் அவருடைய வேலை ஆரம்பிக்கிறது. ஆணா பெண்ணா? பெரிதா சின்னதா? கரடியில் இதைத் தூரத்திலிருந்து சொல்வது கடினம். கொம்பு கிடையாது, பிடரி கிடையாது. காதைப் பார்க்கச் சொல்கிறார். குட்டிப்பருவம் தாண்டாத கரடிக்குக் காது தலைக்குப் பெரிதாக, மேலே குத்திட்டு நிற்கும். முதிர்ந்த ஆணுக்குத் தலை அகன்று, காது சின்னதாகப் பக்கவாட்டில் ஒட்ட வைத்தது போலத் தெரியும். நடையைப் பார்க்கச் சொல்கிறார். பெரிய ஆண் அவசரப்படாது, முன்காலை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு, யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவன் நடக்கிற நடை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குட்டி. குட்டியோடு இருக்கிற தாயைச் சுடுவது சட்டப்படி குற்றம். ஆனால் வசந்தத்தில், பிறந்து சில மாதமே ஆன குட்டியைத் தாய் மரத்தில் ஏற்றிவிட்டோ புதரில் விட்டுவிட்டோ தனியாக வந்து மேயும். அரை மணி நேரம் தனியாக மேய்ந்தது என்பதால் குட்டி இல்லை என்று ஆகிவிடாது. கருங்கரடியின் பிள்ளைப்பேறே விசித்திரமானது. ஜூன் வாக்கில் இணை சேரும். கரு உடனே வளராது, சின்னப் புள்ளியாக மிதந்துகொண்டே இருக்கும். இலையுதிர்காலத்தில் பெர்ரிப் பழம் நன்றாகக் காய்த்து உடம்பில் கொழுப்பு ஏறினால்தான் அது கருப்பையில் ஒட்டி வளரும். பழம் காய்க்காத வருடம் குட்டி கிடையாது. எல்லாம் கூடி வந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும். முயல் மாதிரி பெருகுகிற பிராணி இல்லை. ஒரு பெட்டையைத் தவறிச் சுட்டால் அந்தச் சரிவு அதைப் பல வருடம் உணரும்.

ஆக, கரடி கிடைத்துவிட்டது, ஆண் என்பதும் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் நமக்கும் நடுவே பள்ளத்தாக்கு இருக்கிறது. இனிமேல்தான் காற்று. காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறச் சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கித் திரும்பும். மாலையில் மறுபடி கீழே. திரும்புகிற நேரத்தில் அரை மணி நேரம் அது என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. கரடியின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஓரளவு ஏமாற்றலாம், மூக்கை முடியாது. அவர் சட்டைப்பையில் ஒரு சின்னப் பவுடர் டப்பா வைத்திருப்பார். பத்தடிக்கு ஒருமுறை அழுத்தினால் புகை மாதிரி கொஞ்சம் வெளியே வந்து காற்றுப் போகும் திசையைக் காட்டும். இரண்டு மணி நேரம் இறங்கி, இரண்டு மணி நேரம் ஏறி, கரடிக்கு முந்நூறு கெஜம் பக்கத்தில் வந்த பிறகு அந்தப் பவுடர் மேல்நோக்கிப் போனால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். திரும்பியிருக்கிறோம்.

"கரடி பாய்ந்துவிட்டால்?" என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். கரடி பாயலாம். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இறக்கத்தில் ஓடத் தெரியாது என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை, இறக்கத்தில் பிரமாதமாக ஓடும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நம்மைக் கொல்லக்கூடியவற்றின் வரிசையில் கரடி கடைசியில்தான் நிற்கிறது. முதலில் பாறைச்சரிவு. கால் வைத்ததும் மொத்தமாக நகரும். அதனால் ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் ஏறக்கூடாது. மேலே போகிறவர் கால்பட்டு உருளும் கல் சோற்றுப்பானை அளவு இருந்தால் போதும். அடுத்து ஓடைகள். காலையில் கணுக்கால் நனைய தாண்டிப்போன ஓடையை மாலையில் தாண்ட முடியாது. பகல் முழுக்க மேலே பனி உருகி, அந்தத் தண்ணீர் மாலையில்தான் கீழே வந்து சேரும். நாங்கள் ஒருமுறை எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம். விடிகாலையில் அதே ஓடை சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பாம்பு, உண்ணி, தொட்டால் வாரக்கணக்கில் கொப்பளிக்கிற விஷச்செடி. செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவியை வீட்டுக்காரி வற்புறுத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். உதவி கேட்டு அனுப்பினாலும் ஆள் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

1877-இல் ஜோசப் தலைவரின் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் ராணுவத்தின் கெடு தாங்காமல் சொந்த மண்ணான வல்லோவாவை விட்டுக் கிளம்பியபோது இந்த ஆற்றைத்தான் கடந்தார்கள். டக் பார் என்கிற இடத்தில், மே கடைசியில், பனி உருகிய வெள்ளத்தில். கிழவர்களையும் குழந்தைகளையும் தோல் படகில் உட்காரவைத்து, குதிரைகளை நீந்தவிட்டு அக்கரை சேர்த்தார்கள். மக்கள் பிழைத்தார்கள், கால்நடைகள் நிறையப் போயின. ஆற்றின் மே மாத நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். பொழுதுபோக்குக்காக அங்கே போகிற எங்களுக்கு ஓடையே பெரிய சமாச்சாரமாக இருக்கிறது.

சரி, சுடுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம், மாலை ஏழரை மணி வாக்கில், அவர் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்த அளவில் ஒரு கரடி வந்தது. கன்னங்கரேல் என்று, நெஞ்சில் வெள்ளைத் தீற்றலோடு. இருநூற்றைம்பது கெஜம். காற்று சாதகம். குட்டி இல்லை, ஆண் என்பதில் சந்தேகமில்லை. அவர் படுத்தார், முதுகுப்பையின் மேல் ரைஃபிளை வைத்தார், கண்ணாடியில் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தோட்டாவைக் கழற்றினார்.

"ஏன்?"

"கீழே பார்."

கரடி நின்ற புல்திட்டுக்கு முப்பதடி கீழே சுவர். அதற்குக் கீழே இன்னொரு சுவர். சுட்டால் கரடி நின்ற இடத்தில் விழாது, உருளும். எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நின்ற இடத்துக்கு நாங்கள் போக முடியுமா என்பதும் தெரியாது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடச் சட்டம் இடம் தருகிறது. சட்டப்படி எல்லாம் சரி. அந்தக் கரடி சட்டப்படி அவருடையது. ஆனால் சுவரின் நடுவில் ஒரு கரடி செத்துக் கிடந்து அழுகுவதற்கு டேக் வாங்க வேண்டியதில்லையே என்றார்.

அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு, எப்போதும் அதே வரிசையில் முணுமுணுப்பார். விழுந்தால் எங்கே விழும்? அங்கே போக முடியுமா? அங்கிருந்து தூக்கிக்கொண்டு இருட்டுக்கு முன் வெளியே வர முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் கரடி பிழைத்தது. பள்ளத்தாக்கில் பெரும்பாலான சரிவுகளுக்குப் பெரும்பாலான நேரம் பதில் இல்லை என்பதே. கெட்டிக்கார வயதான கரடிகள் அப்படிப்பட்ட சரிவுகளாகப் பார்த்து மேய்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

சுட்ட கரடி ஒன்றும் உண்டு. எந்த ஓடை என்று எழுதினால் அவர் என்னைச் சுட்டுவிடுவார், அதனால் ஐடஹோ பக்கம் ஒரு கிளைப்பள்ளத்தாக்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். லவங்கப்பட்டை நிற ஆண். காலை பத்து மணி, மேலே அகலமான புல்மேடு, கீழே சுவர் இல்லை. ஒரே தோட்டா. பத்தடி நடந்து உட்கார்ந்து, சாய்ந்துவிட்டது. நாங்கள் உடனே போகவில்லை. அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அடிபட்ட கரடியைப் புதருக்குள் துரத்திக்கொண்டு போவதுதான் இந்த வேட்டையில் கரடி உண்மையிலேயே ஆபத்தாகிற ஒரே நேரம்.

பக்கத்தில் போனபோது எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது, பல்லும் மஞ்சளாகித் தேய்ந்திருந்தது. உள்ளங்காலில் தோல் உரிந்து புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. குகையில் கிடக்கும் காலத்தில் அது அப்படித்தான் உரியும் என்றார். வயிற்றைத் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தது வெட்டின புல்லின் வாசனை. குடல் முழுக்கப் பச்சைக் கூழ். தோலை உரித்து, தலையை அதோடு சேர்த்து மடித்து, நான்கு காலையும் முதுகுக்கறியையும் தனித்தனியாகப் பருத்திப் பைகளில் கட்டி, நிழலில் மரக்கிளையில் தொங்கவிட்டோம். வெயில் ஏறுகிறது, கறி கெடுவதற்கு முன் கீழே போக வேண்டும். தோல் மட்டுமே இருபது கிலோவுக்குக் குறையாது. இரண்டு நடை. இறக்கத்தில் அந்த எடை முழங்காலுக்குள் இறங்குகிற விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு சுவரின் உடைப்பிலும் பையைக் கழற்றிக் கயிற்றில் கட்டி முதலில் அதை இறக்கி, அப்புறம் நாங்கள் இறங்கினோம். இரண்டாவது நடை முடியும்போது தலையில் விளக்கு கட்டியிருந்தோம்.

இனி நாய்கள். அக்கரையில் தடை செய்யப்பட்ட, இக்கரையில் பரம்பரைத் தொழில் மாதிரி நடக்கிற விஷயம்.

நாய் வைத்து வேட்டையாடுகிற ஒருவரை ரிகின்ஸ் ஊரில் ஒரு காபிக்கடையில் அறிமுகப்படுத்தினார். லாரியின் மேல் கூண்டுகளில் பிளாட், வாக்கர் இன நாய்கள். நல்ல மூக்குள்ள ஒரு நாயை மட்டும் வண்டியின் மேலே கட்டிவைத்து மண்சாலையில் மெதுவாக ஓட்டுவார்கள். இரவில் கரடி சாலையைக் கடந்திருந்தால் அது குரைக்கும். மற்ற நாய்களை அவிழ்த்து விடுவார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை. துரத்தப்பட்ட கரடி கடைசியில் மரத்தில் ஏறும், அல்லது பாறையில் முதுகைக் கொடுத்துத் திரும்பி நிற்கும். சமவெளிக் காட்டில் இது வேறு மாதிரி. பள்ளத்தாக்கில் கரடி சுவர் விளிம்பில் ஓடும், நாயும் ஓடும். விளிம்பிலிருந்து விழுந்த நாய்களைப் பற்றி அவர் சொல்லும்போது காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவர் வாதம் இது: "மரத்தடியில் நின்று பத்து கெஜத்தில் பார்க்கிறேன். ஆணா, பெண்ணா, பால் கொடுக்கிறதா என்று தெரிகிறது. வேண்டாமென்றால் நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன். உன் சிநேகிதன் முந்நூறு கெஜத்திலிருந்து ஊகிக்கிறான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர் சொல்வது உண்மையும்கூட. எதிர்த்தரப்பின் வாதமும் உண்மை: கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் மணிக்கணக்கில் துரத்தப்படுகிற மிருகம், மரத்தில் ஏறிய பிறகு தப்ப வழியே இல்லாத மிருகம். அமெரிக்கர்கள் இதை வாக்குப் போட்டே தீர்க்கப் பார்த்தார்கள். கொலராடோ 1992-இல் நாய், தீனி, வசந்தகால வேட்டை மூன்றையும் ஒழித்தது. ஒரிகான் 1994-இல் நாயையும் தீனியையும் தடை செய்தது. இரண்டு வருடம் கழித்து அதைத் திரும்பப் பெறும் முயற்சி அங்கே தோற்றது. அதே 1996-இல் வாஷிங்டன் தடை செய்தது, ஐடஹோவில் தடை கேட்டு வந்த தீர்மானத்தை மக்கள் தோற்கடித்தார்கள். அப்படித்தான் ஓர் ஆற்றுக்கு இரண்டு நியாயம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் ஒரிகானிலும் நாய்ச்சத்தம் முழுசாக ஓயவில்லை. சேதம் செய்கிற கரடியைத் தீர்க்க நாயைப் பயன்படுத்தலாம் என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மரக்கம்பெனிக் காட்டில் பட்டையை உரித்துத் தின்னும் கரடிக்கு நியாயம் வேறு.

நாய்க்காரர்களின் குலதெய்வம் பென் லில்லி. 1856-இல் அலபாமாவில் பிறந்து, லூசியானாச் சதுப்புகளில் கரடி கொன்று, 1907-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கரடி வேட்டைக்கு நாய்களோடு போனவர். அப்புறம் நியூ மெக்ஸிகோ, அரிசோனா மலைப்பள்ளத்தாக்குகளில் அரசாங்கச் சம்பளத்துக்குக் கரடியையும் மலைச்சிங்கம் என்கிற பூமாவையும் கொன்று தீர்த்தார். ஞாயிற்றுக்கிழமை வேட்டையாட மாட்டார். சனிக்கிழமை இரவு நாய்கள் கரடியை மரத்தில் ஏற்றிவிட்டால் திங்கள் விடியும்வரை காத்திருப்பார் என்று கதை சொல்வார்கள். கறாரான ஒழுக்கசீலர். ஆனால் அவர் 1936-இல் இறந்தபோது அந்த இரண்டு மாநிலங்களிலும் கிரிஸ்லி கரடி அனேகமாக மிச்சமில்லை. ரூஸ்வெல்ட் கதையும் அதே ரகம். 1902-இல் மிஸிஸிப்பியில் மரத்தில் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார், அதிலிருந்து டெடி பொம்மை பிறந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மறுத்த பிறகு அந்தக் கரடியைக் கத்தியால் கொன்று முடிக்கச் சொன்னார் என்பதைப் பொம்மைக்கடையில் சொல்வதில்லை. முறை சுத்தமாக இருந்தால் கரடி பிழைத்துவிடும் என்று இல்லை.

எனக்கு நாயைவிட உறுத்துவது வேறொன்று. ஐடஹோ சட்டத்தில் மானையோ எல்க்கையோ சுட்டால் கறியை வீணாக்கக்கூடாது, வீணாக்கினால் தண்டனை. கரடிக்கு, மலைச்சிங்கத்துக்கு, ஓநாய்க்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. தோலையும் மண்டையையும் எடுத்துக்கொண்டு உடம்பை அப்படியே போட்டுவிட்டு வரலாம். முதலில் நான் நம்பவில்லை, விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். நாய் வேண்டுமா வேண்டாமா என்று கோடிக்கணக்கில் செலவு செய்து விளம்பரம் போட்ட இரண்டு தரப்பும் இதைத்தான் முதலில் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு வந்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், எந்தச் சரிவில் சுடலாம் என்பதை அவனவன் முழங்காலே தீர்மானித்துவிடும்.

கறி எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். புல் தின்ற வசந்தகாலக் கரடி நன்றாக இருக்கும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கெட்டி. ஆனால் அரைவேக்காடு கூடவே கூடாது. கரடிக்கறியில் டிரைக்கினெல்லா என்கிற புழு இருக்கலாம், அதில் ஒரு வகை உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அமெரிக்கர்களுக்கு இது பெரிய துக்கம், ரத்தம் சொட்டச் சொட்டச் சாப்பிட முடியாதே என்று. நமக்கென்ன? மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், பிரஷர் குக்கரில் எட்டு விசில். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இத்தனை வருடமாகக் கரடியை வீணடித்திருக்கிறேன் என்றார்.

சுட்ட பத்து நாளைக்குள் தோலையும் மண்டையையும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். ஆணா பெண்ணா என்பதற்கான அத்தாட்சி உறுப்பு தோலோடு ஒட்டியே இருக்க வேண்டும். அங்கிருந்த இளம்பெண் அதையெல்லாம் காய்கறி பார்க்கிற மாதிரி பார்த்துக் குறித்துக்கொண்டாள். அப்புறம் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கும் பட்டாணி அளவுப் பல் ஒன்றைக் குறடால் பிடுங்கி உறையில் போட்டாள். ஆய்வகத்தில் அதை மெல்லிசாக அறுத்துப் பார்த்தால் மர வளையம் போல வருடக் கோடுகள் தெரியுமாம். பெண் கரடியாக இருந்தால் குட்டி வளர்த்த வருடங்களின் கோடு மட்டும் ஒடுங்கியிருக்குமாம். உடம்பின் சத்தெல்லாம் பாலுக்குப் போய்விடுவதால். இதைக் கேட்டதும் நான் இன்னும் நான்கு கேள்வி கேட்டேன், பின்னால் தோலோடு நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள்.

பல மாதம் கழித்து வயது வந்தது. பதினாறு. "நல்ல வயசுதான்" என்றார் அவர், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதை ஒருவிதமான நிம்மதியோடு சொன்னார், எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. பதினாறு வருடம் அந்தச் சுவர்களுக்கு நடுவே பிழைத்த ஒன்று, அகலமான மேட்டுக்கு ஒரு காலை வந்ததால் போயிற்று என்றேன். அவர் மறுக்கவில்லை. இந்த வருடம் ஒரிகான் பக்கத்துக்கு வசந்தகால டேக் குலுக்கலில் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கிடைத்தால் வருவாயா என்று கேட்டார். அந்தக் கரையில் ஏற்றம் எப்படி என்று கேட்டேன். இதே மாதிரிதான், ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாக இருட்டும் என்றார்.

கடிகாரத்தில்தானே என்றேன்.